இங்கிலீஷ் சொலவடைக்காரர்

மனிதர்களில் இங்கிலீஷ் சொலவடைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கேள்விப்பட்டதே இல்லை என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நான்கு நாற்காலியும் ஒரு தண்ணீர்க் கேனும் போட்டு ஆபீஸ் என்று பெயர் வைத்த எந்த இடத்திலும் இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். வெறும் இங்கிலீஷ் பேசுகிறவர்களை இதில் சேர்க்க முடியாது. அவர்கள் முடியும் என்றால் ‘எஸ்’ என்பார்கள், முடியாது என்றால் ‘நோ’ என்பார்கள், அதோடு தீர்ந்தது. சொலவடைக்காரர் அப்படியா? மழையை மழை என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வானத்திலிருந்து நாயையும் பூனையையும் இறக்கினால்தான் அவருக்கு நனைந்த மாதிரி இருக்கும். பொறுமை போய்விட்டது என்று சொல்லமாட்டார். ஓர் ஒட்டகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் முதுகில் துரும்பு துரும்பாக ஏற்றி, முதுகு ஒடிகிறவரை நம்மையும் பக்கத்தில் நிற்க வைப்பார். ஒட்டகத்துக்கும் நம் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் நீங்கள் பட்டிக்காடு.

ஆனால் யாரும் ஒட்டகத்தோடு பிறப்பதில்லை. எங்கேயோ ஒரு கூட்டத்தில், எவர் வாயிலிருந்தோ வந்த ஒரு வாக்கியம் மண்டையில் நச்சென்று விழுந்திருக்கும். இந்தக் கதையில் வருகிற மனிதருக்கும் அப்படித்தான் விழுந்தது.

அவர் குளியலறைச் சாமான் கம்பெனி ஒன்றின் கிடங்கில் சூப்பர்வைசர். வாஷ்பேசின், குழாய், கண்ணாடி, துண்டு மாட்டுகிற கம்பி என்று ஒரு பக்கம் வந்து இறங்கும். நுரைத்தாள் சுற்றி, மூலைக்கு மூலை அட்டை கொடுத்து, பெட்டியில் போட்டு, பட்டை கட்டி, இன்னொரு பக்கம் லாரியில் ஏறும். நடுவில் எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். பேசினை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, ஓசையை வைத்தே உள்விரிசலைச் சொல்லிவிடுவார். இங்கிலீஷும் கைவசம் கொஞ்சம் இருந்தது. ‘லாரி கேம்.’ ‘லாரி நாட் கேம்.’ ‘டுமாரோ ஷ்யூர் சார்.’ இதை வைத்துக்கொண்டே, தலையில் முடி இருந்த காலத்திலிருந்து இல்லாத காலம்வரை வண்டியை ஓட்டிவிட்டார்.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மடிக்கணினி, வாக்கியத்துக்கு ஒரு சொலவடை. முதல் கூட்டத்திலேயே லாரிகள் ஏன் தாமதம் என்று சூப்பர்வைசரைக் கேட்டார். சூப்பர்வைசர் காரணங்களை அடுக்கினார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘த பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று சொல்லி மடிக்கணினியைச் சாத்தினார்.

சூப்பர்வைசருக்குக் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். பால். கோர்ட்.

போன மாதம்தான் டீக்கு வருகிற பாலில் தண்ணீர் அதிகம் என்று சொல்லி, அவர் பால்காரரை மாற்றியிருந்தார். அந்த மனிதன் கோர்ட்டுக்குப் போய்விட்டான் போலிருக்கிறது. மேனேஜருக்கே தகவல் வந்துவிட்டது என்றால் சம்மன் வழியில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து, தன் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். டாக்டர்களின் கையெழுத்தையே அன்றாடம் படித்துப் பழகியவரை எதுவும் சுலபத்தில் கலங்கடிக்காது. பால்காரர் கேஸ் போட்டால் பாலைப் பற்றித்தான் போடுவார், பாலைச் சோதித்தால் தண்ணீர்தான் வரும், பயப்படாதீர்கள் என்று தேற்றினார். வக்கீல் வைக்கலாமா வேண்டாமா என்பதில் இருவருக்கும் சற்று வாக்குவாதமே நடந்தது. கடைசியில், இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிற மனைவியின் தம்பியைப் போனில் பிடித்தார்கள். அவன் சிரித்த சிரிப்பில் அக்காள் போனைக் காதிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“பால் இல்ல மாமா, பந்து,” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. “கோர்ட்னா விளையாடற எடம். பந்து உங்க பக்கம் இருக்கு, இனி நீங்கதான் ஆடணும்னு சொல்லியிருக்கார்.”

அவமானம் ஒரு மனிதனைச் சாமியாராக்கும், இல்லையென்றால் மாணவனாக்கும். நம்மவர் மாணவரானார்.

செல்போனில், விடிந்தால் ஒரு சொலவடையும் அதற்கொரு படமும் அனுப்புகிற வசதி ஒன்று கிடைத்தது. முகம் மழிக்கும்போது போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அன்றைய சொலவடையை நுரைக்கு நடுவே உருப்போடுவார். கொஞ்ச நாளில் தரம் பிரிக்கவும் கற்றுக்கொண்டார். மிருகம் வந்தால் முதல் தரம். கை, கால், வாய் ஏதாவது வந்தால் இரண்டாம் தரம். பந்து, பெட்டி, கல் என்று சாமான் வந்தால் மூன்றாம் தரம். மூன்றும் இல்லாத வாக்கியம் அவர் கணக்கில் சொலவடையே அல்ல, வெறும் இங்கிலீஷ். அது தனக்கு முன்பே தெரியும் என்று அடுத்ததற்குப் போய்விடுவார்.

முதலில் வீட்டில்தான் பழகினார். கடை முதலாளி சம்பளம் ஏற்றுவாரா என்று மனைவி யோசித்துக்கொண்டிருந்தபோது, ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றார். நிலா எப்போது நீலமானது என்று மனைவி கேட்டார். எப்போதாவது ஒரு தடவை என்று அர்த்தம் என்றார். அப்படியானால் எப்போதாவது ஒரு தடவை என்றே சொல்லியிருக்கலாமே என்றார் மனைவி. மறுவாரம் அந்த அம்மாளுக்குப் பொறுமை எல்லை கடந்தது. “உள்ள வரும்போது செருப்போட சேர்த்து இதையும் வெளிய விட்டுட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டார்.

ஆகவே மொத்தப் பாரமும் கிடங்கின் மேல் இறங்கியது.

ஒரு நாள் காலையில், மாலைக்குள் இரண்டு லாரி நிறைய வேண்டும் என்று பாக்கிங் பகுதியினரைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைத் தைரியப்படுத்துவதற்காக, ‘பீஸ் ஆஃப் கேக்’ என்று கையை வீசிச் சொல்லிவிட்டுப் போனார். சுலபமான வேலை என்பதை இங்கிலீஷ்காரன் அப்படிச் சொல்கிறான். ஆனால் கேட்டவர்கள் காதில் கேக் மட்டும் தங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்திலும் கையை நிறுத்தாமல் வேலை செய்தார்கள். லாரி கிளம்பியதும் கை கழுவி, ஈரத்தை உடையில் துடைத்துக்கொண்டு, டீ மேஜைக்கு எதிரே வரிசையாக வந்து நின்றார்கள். என்ன என்று கேட்டார் சூப்பர்வைசர். வரிசையின் முதலில் நின்றவர் பாக்கிங் பகுதிக்குத் தலைவியான அக்கா. வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். “கேக், சார்,” என்றார் அக்கா. அத்தனை முகங்களுக்கு முன்னால் அர்த்தம் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆளனுப்பி வாங்கி வரச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குக் கேக் சார் என்று பெயர். அன்பினால் வைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதி உண்மையும்கூட.

இன்னொரு நாள் அட்டைப்பெட்டி தட்டுப்பாடு. ‘திங்க் அவுட்சைட் த பாக்ஸ்’ என்றார். வழக்கமான யோசனையை விட்டு வேறு மாதிரி யோசியுங்கள் என்று பொருள். பெட்டிதான் சோறு போடுகிற இடத்தில் இப்படிப் பேசலாமா? பெட்டிக்கு வெளியே வைத்தால் பேசின் உடைந்துபோகாதா என்று பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

இதெல்லாம் கீழ்த்தட்டில். மேல்தட்டில் கதையே வேறு. கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத சமயம் பார்த்து, ‘எலிஃபென்ட் இன் த ரூம்’ என்று சூப்பர்வைசர் யானையை அவிழ்த்து விட்டதும் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் பேசாத பிரச்சினை என்று அதற்கு அர்த்தம். இவர் சொல்ல வந்ததோ சரக்கு லிஃப்ட் பெரியதாக வேண்டும் என்பது. ஆனாலும் மேனேஜர் ஆழமாகத் தலையாட்டினார். சூப்பர்வைசருக்குக் கீழே சீக்கிரமே ஓர் உதவியாளரைப் போட ஏற்பாடு செய்வதாக வாக்கும் கொடுத்தார். தவறைத் திருத்த ஒருவரும் இல்லாமல், பாராட்ட ஒருவர் கிடைத்துவிட்டால் மனிதன் எவ்வளவு தூரம் போவான் தெரியுமா? தலைமை ஆபீஸ்வரை போவான்.

போனார்.

பாக்கிங் அக்காவின் தங்கைக்கு வெளியூரில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. தங்கைக்கு வேறு ஆள் இல்லை. இரண்டு வாரம் லீவ் வேண்டும் என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். சரக்கு அதிகம் போகிற காலம்; லீவுக்குத் தலைமை ஆபீஸ் சம்மதம் தேவை. சூப்பர்வைசர் நல்ல மனிதர், அதில் சந்தேகம் வேண்டாம். அன்றே மேலே எழுதி அனுப்பி, எப்படியும் வாங்கித் தருகிறேன் என்று அக்காவுக்குத் தைரியம் சொன்னார்.

இரண்டொரு நாளில் தலைமை ஆபீசிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அம்மாள். தமிழ் தெரியாதவர், குரலில் கனிவு உள்ளவர். மேனேஜர் வெளியூர் போயிருந்ததால் சூப்பர்வைசரே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். விற்பனை சரியில்லை, செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மாள் நீளமாகச் சொன்னார். இவர் அதில் பாதியைப் பிடித்தார், மீதிக்குத் தலையாட்டினார். பிறகு அந்த அம்மாள் பாக்கிங் தலைவியின் பெயரைச் சொல்லி, ‘வி ஹேவ் டிஸைடட் டு லெட் ஹர் கோ’ என்றார்.

சூப்பர்வைசர் வாக்கியத்தைத் துழாவிப் பார்த்தார். மிருகம் இல்லை. கை கால் இல்லை. பந்து இல்லை. லெட் என்றால் விடு, ஹர் என்றால் அவரை, கோ என்றால் போ. பள்ளிக்கூடத்தில் அரை டவுசரோடு படித்தது. போக விடுகிறார்கள். லீவ் கிடைத்துவிட்டது.

உங்களுக்குச் சம்மதம்தானா என்று அந்த அம்மாள் மென்மையாகக் கேட்டார்.

“மேடம், ஐ ஆம் ஓவர் த மூன்,” என்றார் சூப்பர்வைசர். நிலாவையே தாண்டிக் குதிக்கிற சந்தோஷம்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்றார். ‘பீஸ் ஆஃப் கேக்’ என்றார் இவர். இத்தனை வருடம் வேலை செய்தவராயிற்றே, வருத்தமாக இருக்காதா என்றார். இத்தனை வருடத்தில் ஒரு லீவ்கூடச் சரியாக எடுக்காதவர் ஆயிற்றே என்று நெகிழ்ந்து, ‘பெட்டர் லேட் தேன் நெவர்’ என்றார் இவர். இப்போதாவது நடக்கிறதே என்று அர்த்தம். விஷயத்தை நானே அவரிடம் பக்குவமாகச் சொல்லட்டுமா என்று கேட்டார் அம்மாள். வேண்டாம், நானே சொல்கிறேன், ‘கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்’ என்றார் சூப்பர்வைசர். எடைமேடையைப் பார்க்க எப்படியும் பாக்கிங் பகுதிப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு பறவை.

நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தியிருப்பீர்கள். யாரும் இல்லை. இவ்வளவு திடமான ஒரு சூப்பர்வைசரைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி அந்த அம்மாள் அழைப்பை முடித்தார். இவர் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

நேராகப் பாக்கிங் பகுதிக்குப் போனார். தலைமை ஆபீஸே கூப்பிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டது, நிம்மதியாகப் போய்த் தங்கையைப் பாருங்கள் என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரமும் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். அந்த அம்மாள் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

“எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கலாம் போலிருக்கு,” என்றார். “பெரிய மனசு அந்தம்மாவுக்கு.”

அக்கா அன்று மாலையே வண்டியேறினார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அக்கா போன் செய்தார். அந்த மேடத்திடம் தன் நன்றியைச் சொல்லும்படி சூப்பர்வைசரைக் கேட்டுக்கொண்டார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் வாசல் காவலர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

“சார், பாக்கிங் அக்கா கார்டை அட்டெண்டன்ஸ் மெஷின்லேருந்து எடுத்துடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அலமாரிச் சாவியையும் வாங்கி வைக்கணுமாம். அக்கா வேற வேலைக்குப் போறாங்களா சார்?”

ஏதோ பிசகு, அவர் லீவில் இருக்கிறார் என்று சூப்பர்வைசர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே எங்கேயோ ஒரு விரிசல் சத்தம் கேட்டது. வெளியே போய், லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

“லெட் ஹர் கோன்னா என்னடா அர்த்தம்?”

“யாரை மாமா?”

“யாரையோ. நீ அர்த்தத்தைச் சொல்லு.”

“வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு அர்த்தம். மரியாதையா சொல்றது.”

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் மடித்து அடுக்கியிருந்த அட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். தாம் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நிலாவைத் தாண்டிக் குதித்தது. கேக். இப்போதாவது நடக்கிறதே. இரண்டு பறவை. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், தங்கையின் மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி தன்னை வாழ்த்திக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

உடனே தலைமை ஆபீஸ் அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். எதில் எழுதினார் என்கிறீர்கள்? பழக்கதோஷம் விடுமா? சேர்த்து வைத்திருந்த சரக்கையெல்லாம் கொட்டிவிட்டார். உளறிவிட்டேன் என்பதற்கு இங்கிலீஷில் காலை வாயில் வைத்தேன் என்பார்கள். ரகசியத்தைச் சொல்லிவிட்டேன் என்பதற்குப் பூனையைப் பையிலிருந்து விட்டேன் என்பார்கள். அவசரத்தில் இவர் காலைப் பையிலிருந்து விட்டு, பூனையை வாயில் வைத்திருந்தார். எதுவும் புரியவில்லை, அவசரம் இல்லையென்றால் அடுத்த வாரம் பேசலாம் என்று பதில் வந்தது.

அன்று மாலை மனைவி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். உட்கார வைத்து முழுக்கக் கேட்டார். திட்டவில்லை, அது இன்னும் கலவரமாக இருந்தது.

“அந்தம்மாவுக்குத் தமிழ் தெரிஞ்சா என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

“தப்பு என்னோடது, அவங்களை நிறுத்திடாதீங்கன்னு சொல்லுவேன்.”

“அதுக்கு வேண்டிய இங்கிலீஷ் உங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சே.”

“அசிங்கமா இருக்கும்மா. தப்பும் தவறுமா வரும்.”

“கடைக்கு வர்றவங்க மருந்து பேரைச் சரியாவா சொல்றாங்க?” என்றார் மனைவி. “வலிக்கிற எடத்தைக் காட்டினாப் போதும். எனக்குப் புரியும். அவங்களுக்கும் புரியும்.”

மறுநாள் காலையில், வேறு வேலை எதையும் தொடாமல், சூப்பர்வைசர் தலைமை ஆபீசுக்கு வீடியோவில் அழைத்தார். பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் திரையில் தோன்றியதும், லாரி கேம், லாரி நாட் கேம் என்று அத்தனை வருடம் கைகொடுத்த அதே இங்கிலீஷில் சொன்னார்.

“மேடம், ஐ மிஸ்டேக். ஷி ஆஸ்க் லீவ். சிஸ்டர் ஆபரேஷன். யூ டெல் லெட் கோ. ஐ திங்க், லீவ் ஓகே. ஐ ஹேப்பி. மீனிங் ஐ நாட் நோ. ஷி குட் ஒர்க்கர், மேடம். ப்ளீஸ், ஷி நாட் கோ.”

பிறகு அந்த அம்மாள், அப்படியானால் அந்த நிலா விஷயம் என்று மெல்லக் கேட்டார். லீவ் கிடைத்த சந்தோஷம் என்றார் இவர். இரண்டு பறவை? எடைமேடை, மேடம். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரையை விட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரம் காலி நாற்காலிதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. லீவ் கடிதம் என் கைக்கு வரவே இல்லை, இரண்டு பேரில் யாரை வேலையை விட்டு எடுப்பது என்று கடைசிவரை தயக்கம் இருந்தது, சொந்த சூப்பர்வைசரே இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்றுதான் பாக்கிங் தலைவியையே உறுதி செய்தோம் என்றார். இனி மேலே பேசிப் பார்க்க வேண்டும், உறுதி சொல்ல முடியாது.

முடிவு வருகிறவரை சூப்பர்வைசர் கிடங்கில் வாயைத் திறக்கவில்லை. கேக் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் போன் வந்தது. அக்காவின் வேலை தப்பியது. மற்றவர் வேலையும் தப்பியது. ஆனால் குறைக்க வேண்டிய செலவைக் கிடங்கிலிருந்துதான் குறைக்க வேண்டும் என்பதால், சூப்பர்வைசருக்குக் கொடுப்பதாக இருந்த உதவியாளர் பதவியை அடித்துவிட்டார்கள். சம்மதமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

‘ஓகே மேடம்’ என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை.

அக்கா திரும்பி வந்த அன்று, வாசலைத் தாண்டுவதற்குள் காவலர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வாசல் காவலர்களுக்கு அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு சூப்பர்வைசர் பாக்கிங் மேஜை அருகே நின்றார். அக்கா அவரைப் பேச விடவில்லை.

“தங்கச்சி பக்கத்துல உக்காந்து தினமும் உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டு இருந்தேன் சார்.”

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

“அடுத்த தடவை நானே மேல கேட்டுக்கறேன்,” என்றார் அக்கா, நுரைத்தாள் சுருளை இழுத்துக்கொண்டே. “லீவ்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. எனக்கே தெரியும்.”

ஒரு வாரம் வரை அக்கா டீக்கு எல்லோரோடும் வந்து நிற்கவில்லை. பிறகு வந்தார்.

சூப்பர்வைசர் திருந்தினாரா? முழுக்கத் திருந்தினார் என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. சொலவடை அனுப்புகிற வசதியைப் போனிலிருந்து நீக்கிவிட்டார், அது உண்மை. ஆனால் வேறொரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் கையைத் தூக்கி, “இதுக்கு என்ன சார் அர்த்தம்?” என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு தடவை மேனேஜர், நாம் செய்கிற எதுவும் ‘மூவ் த நீடில்’ ஆக வேண்டும் என்றார். கை உயர்ந்தது. மேனேஜர் புன்னகை செய்தார். “அதாவது... ஊசி... ஊசி வந்து நகரணும்,” என்றார். எந்த ஊசி என்று கேட்டார் சூப்பர்வைசர். மேனேஜர் தண்ணீர் குடித்தார். சுற்றியிருந்த அத்தனை பேரும், அதுவரை புரிந்தாற்போல் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள், நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு ஆவலாகக் காத்திருந்தார்கள். ஊசி இன்றுவரை நகரவில்லை.

போகட்டும், அவர்களை விடுங்கள். இதைப் படித்துச் சிரித்துவிட்டு, நல்லவேளை நமக்கு இந்த நோய் இல்லை என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களை ஒன்று கேட்கலாமா? போன வாரக் கூட்டத்தில், கதையைச் சுருக்கிச் சொன்னால் என்று அர்த்தம் வருகிற ‘லாங் ஸ்டோரி ஷார்ட்’டில் தொடங்கி, எல்லோருடைய டீயும் ஆறி ஏடு கட்டுகிறவரை பேசியது யார்?